யூஎஸ்பி அடாப்டரில் நெட்வொர்க் பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டச் சாலை ஒன்றின் முடிவில், கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. மாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே டியூஷன் நடக்கும். ஒரு நிறுவனம் கழித்துவிட்ட 22 மடிக்கணினிகள் ஒரு விடுமுறையில் அந்த மண்டபத்துக்கு வந்து இறங்கின. டெல், லெனோவோ, எச்பி, ஏசர் என்று எல்லாம் கலந்து இருந்தன. பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றிலும் ஒரே விண்டோஸ், ஒரே தமிழ் விசைப்பலகை, ஒரே பயிற்சி மென்பொருள் இருக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். எனக்கு இருந்தது நான்கு நாள்.

பெண்டிரைவில் ஒவ்வொன்றாக ஏற்றினால் முடியாது. பழைய மேசைக்கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளுக்கு வட்டு நகலை ஏற்றும் ஃபாக் சர்வரை ஏற்றி, ஒரு சுவிட்ச் வைத்து, ஒரு மடிக்கணினியைத் தயார் செய்து அதன் இமேஜை, அதாவது வட்டின் நகலை, எல்லாவற்றுக்கும் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் மடிக்கணினிகளைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில்கூட லேன் போர்ட் இல்லை. ஈப்போவுக்குப் போய் யூஎஸ்பி லேன் அடாப்டர்கள் மூன்று வாங்கிவந்தேன், மூன்றும் வேறு வேறு மாதிரி. டெல்லில் பூட் ஆன அடாப்டர் ஏசரில் மெனுவிலேயே வரவில்லை. லெனோவோவில் ஐபி கிடைத்தது, அதற்கு மேல் நகரவில்லை. எச்பியில் ஃபாக் மெனு வரைக்கும் போய், இமேஜ் இறங்கும் நேரத்தில் நெட்வொர்க்கே இல்லை என்றது.

முதல் இரண்டு நாளை நான் வீணாக்கினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்ததுதான் காரணம். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கிய மூன்றாம் நாளில்தான் வேலை ஓடியது. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒரே அடாப்டர், மூன்று கை

நெட்வொர்க் பூட், அதாவது கணினியை அதன் வட்டிலிருந்து தொடங்காமல் நெட்வொர்க் வழியாகத் தொடங்குவது, ஒரே ஓட்டமாகத் தெரியும். உண்மையில் அடாப்டர் மூன்று பேர் கையில் மாறுகிறது.

முதல் கை, மடிக்கணினியின் யூஇஎஃப்ஐ. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்மென்பொருள், நாம் பழக்கத்தில் பயாஸ் என்று சொல்வது. அது அடாப்டரை அடையாளம் கண்டு, முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாக ஐபி வாங்கி, கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி வழியாக ஒரு சிறிய பூட் கோப்பை இறக்குகிறது. இரண்டாம் கை, அந்தச் சிறிய கோப்பு. ஃபாக்கில் அது ஐபிஎக்ஸ்இ. அது மறுபடி அடாப்டரை எழுப்பி, மறுபடி ஐபி கேட்டு, மெனுவைக் காட்டுகிறது. மூன்றாம் கை, உண்மையில் வட்டில் எழுதப் போகிற லினக்ஸ். மைக்ரோசாஃப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு அது விண்டோஸ் பிஇ, நிறுவும் வேலைக்கான சிறிய விண்டோஸ். அதுவும் முதலிலிருந்து தன் சொந்த டிரைவரை வைத்து அடாப்டரை எழுப்பி, மூன்றாவது முறையாக ஐபி கேட்கிறது.

போர்டிலேயே லேன் இருந்தால் இந்தக் கைமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அந்தந்த மாடலுக்கு அது முன்பே சரி பார்க்கப்பட்டிருக்கும். நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து செருகும் அடாப்டருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மூன்று பேருக்கும் அதைத் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு உதவிக்கு வந்த தம்பி கேட்டான்: “அண்ணே, ஐபி வந்துருச்சே. அப்புறம் ஏன் நெட்வொர்க் இல்லைன்னு சொல்லுது? அடாப்டர் நல்லாத்தானே இருக்கு?”

“பயாஸுக்கு நல்லா இருக்குப்பா. அடுத்தவனுக்கு இதை யாருன்னே தெரியல.”

இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கையில் தவறுகிறதோ அந்தக் கையை மட்டும் சரி செய்தால் போதும், மற்ற இரண்டையும் தொடக்கூடாது.

கைப்பேசியில் பிடித்துக்கொள்ளுங்கள்

பயாஸ் காட்டும் வரிகள் ஒரு நொடிகூட நிற்காது. அதனால் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால், கைப்பேசியை மெதுவேக வீடியோவில் வைத்துத் திரையைப் பதிவு செய்யுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எல்லாம் சரியாகப் போனால் வரிகள் இந்த வரிசையில் வரும்: முதலில் ‘ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4’ (பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் பூட் முறையின் பெயர்). அப்புறம் ‘ஸ்டேஷன் ஐபி அட்ரஸ்’ என்று மடிக்கணினிக்குக் கிடைத்த முகவரி. அப்புறம் ‘சர்வர் ஐபி அட்ரஸ்’. அப்புறம் ‘என்பிபி ஃபைல்நேம்’ என்று பூட் கோப்பின் பெயர். அப்புறம் ‘என்பிபி ஃபைல்சைஸ்’. கடைசியில் கோப்பு வெற்றிகரமாக இறங்கியது என்ற வரி.

எந்த வரி வரைக்கும் வந்தது என்று ஒரு தாளில் மடிக்கணினி மாடலோடு சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம். எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்க வேண்டியது இந்த ஒரு தாளால்.

முதல் கை: மெனுவில் அடாப்டரே வரவில்லை

டெல், திங்க்பேட், ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் ஐபிவி4 என்று குறிப்பிட்டு ஒரு நெட்வொர்க் வரி இருக்க வேண்டும். ஏசரில் எஃப்12 அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல ஏசர்களில் அந்த மெனுவே அணைத்துவைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போய், ‘மெயின்’ பக்கத்தில் ‘எஃப்12 பூட் மெனு’வை இயக்க வேண்டும்.

நெட்வொர்க் வரி இல்லை என்றால் அமைப்புக்குள் போய் நான்கைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ நெட்வொர்க் ஸ்டாக் இயங்குகிறதா? டெல்லில் அது லேன் தொடர்பான பக்கத்தில் இருக்கும், திங்க்பேட்டில் ‘கான்ஃபிக்’ பக்கத்தில் ‘நெட்வொர்க்’ என்பதன் கீழே. மடிக்கணினியில் லேன் போர்ட்டே இல்லாவிட்டாலும் இந்த அமைப்பு யூஎஸ்பி அடாப்டருக்கும் பொருந்தும். பலர் இதை ‘நமக்கு வேண்டாதது’ என்று தாண்டிவிடுகிறார்கள். அடுத்து யூஎஸ்பி பூட் இயங்குகிறதா? டைப்-சி வழியாகச் செருகினால் தண்டர்போல்ட் பூட் என்ற தனி அமைப்பும் சிலவற்றில் உண்டு. மூன்றாவது, ஃபாஸ்ட் பூட். அது இயங்கினால் பயாஸ் அவசரத்தில் யூஎஸ்பி கருவிகளை எழுப்பாமலேயே விண்டோஸுக்குப் போய்விடும். டெல்லில் ‘மினிமல்’ என்பதை ‘தரோ’ என்று மாற்றுங்கள். நான்காவது, யூஇஎஃப்ஐக்கு முந்தைய லெகசி முறையை இயக்கி வைத்திருந்தால் அதை அணைத்து முழுக்க யூஇஎஃப்ஐக்கு வாருங்கள். லெகசி முறையில் யூஎஸ்பி அடாப்டரோடு போராடுவதில் எந்தப் பயனும் இல்லை.

நான்கும் சரி, இன்னும் வரவில்லையா? அப்படியானால் அந்த பயாஸுக்குள் உங்கள் அடாப்டரின் சிப்புக்கு டிரைவர் இல்லை. இதை அமைப்பு மாற்றிச் சரி செய்ய முடியாது. அடாப்டரின் பிராண்டைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள். விண்டோஸ் இயங்கும் கணினியில் செருகி, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் பெயர் தெரியும். என் அனுபவத்தில் ரியல்டெக் 8153 சிப்புள்ள ஜிகாபிட் அடாப்டர்தான் அதிகமான பயாஸ்களுக்குத் தெரிந்தது. ஆசிக்ஸ் 88179 அதற்கு அடுத்து. 2.5 ஜிகாபிட் என்று விளம்பரப்படுத்தும் ரியல்டெக் 8156 வேகமானது, ஆனால் பழைய மடிக்கணினிகளுக்கு அது புதுமுகம். பழைய மடிக்கணினிகளுக்கு வாங்குவதாக இருந்தால் புதியதைத் தேடிப் போகாதீர்கள். 8153 போதும்.

பயாஸைப் புதுப்பித்தாலும் சில நேரம் டிரைவர் வந்துவிடும். மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில், சார்ஜரும் பேட்டரியும் இரண்டும் இருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். மாலை மழைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்வொர்க் பூட்டுக்கு சர்ஃபேஸ் பெயரில் வரும் ஈதர்நெட் அடாப்டரோ டாக்கோதான் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மற்ற அடாப்டர்கள் விண்டோஸில் வேலை செய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

செருகும் இடமும் முக்கியம். யூஎஸ்பி ஹப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரடியாக மடிக்கணினியில் செருகுங்கள். ஒரு பக்கம் வரவில்லை என்றால் அடுத்த பக்கப் போர்ட். ரீஸ்டார்ட்டில் வராத அடாப்டர், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் செய்து, அடாப்டரைக் கழற்றி மாட்டி, மறுபடி இயக்கினால் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விண்டோஸின் சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை.

முதல் கையிலேயே: ஐபி, சர்வர், கோப்பு

மெனுவில் அடாப்டர் வந்தது, தேர்ந்தெடுத்தீர்கள், பிழை எண் வருகிறது. இங்கே பிழை அடாப்டருடையது அல்ல, பெரும்பாலும் நெட்வொர்க்குடையது.

பிஎக்ஸ்இ-இ16 என்றால் ஐபி கொடுக்க யாரும் முன்வரவில்லை. கேபிள், சுவிட்ச், டிஎச்சிபி சர்வர் என்று பாருங்கள். பிஎக்ஸ்இ-இ18 என்றால் ஐபி வந்துவிட்டது, ஆனால் கோப்பு கொடுக்க வேண்டிய சர்வர் வாயைத் திறக்கவில்லை. சர்வர் முகவரி தவறாக இருக்கும், அல்லது ஃபயர்வால் மறிக்கும். பிஎக்ஸ்இ-இ23 என்றால் சர்வர் பதில் சொன்னது, ஆனால் கோப்பு இல்லை என்று சொன்னது. பெயரில் ஒரு எழுத்து தவறியிருக்கும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். கோப்பின் அளவு 0 என்று காட்டினாலும் இதே சந்தேகம்தான்.

ஃபயர்வாலில் யூடிபி 67, 69, 4011 ஆகியவை திறந்திருக்க வேண்டும். ஆனால் 69 மட்டும் திறந்தால் டிஎஃப்டிபி ஓடிவிடாது. கேள்வி 69-க்குப் போகும், கோப்பு வேறொரு போர்ட்டிலிருந்து திரும்பி வரும். சோதிக்கும் நேரத்தில் தனி நெட்வொர்க்கில் ஃபயர்வாலை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

தோட்டப்புறங்களில் பெரிய சிக்கல், வீட்டு இணையத்துக்குக் கொடுக்கும் ரௌட்டர். ஐபி கொடுப்பது அதுதான். ஆனால் டிஎச்சிபியில் பூட் சர்வர் முகவரியைச் சொல்லும் 66-ஆம் ஆப்ஷனையும், கோப்பின் பெயரைச் சொல்லும் 67-ஆம் ஆப்ஷனையும் அமைக்க இப்படிப்பட்ட ரௌட்டர்களில் பொதுவாக இடமே இருக்காது. ‘அதனால் என்ன, ஃபாக்கிலும் டிஎச்சிபியை இயக்கிவிடுகிறேன்’ என்று கிளம்பினால் இரண்டு பேர் ஐபி கொடுப்பார்கள். ஒரு மடிக்கணினி பூட் ஆகும், அடுத்தது ஆகாது, காரணம் புரியாது. ஏற்கெனவே ஓடும் ஒரு பள்ளியின் நெட்வொர்க்கில் இப்படிச் செருகினால் அலுவலகக் கணினிகளும் சேர்ந்து தவிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, ரௌட்டர் ஐபி கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை ப்ராக்ஸி முறையில் ஓட்டுவது. அது ஐபி கொடுக்காது. ‘பூட் கோப்பு என்னிடம் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். மற்றொன்று, எனக்குப் பிடித்தது: சர்வரை இணையத்தில் வைத்து ஃபாக்கை நிறுவி முடித்த பிறகு, ரௌட்டரைக் கழற்றிவிட்டு, சர்வர், சுவிட்ச், மடிக்கணினிகள் மட்டும் உள்ள தனித் தீவாக ஆக்குவது. ஃபாக் நிறுவும்போதே டிஎச்சிபி வேண்டுமா என்று கேட்கும். இந்த முறைக்கு ஆம் என்று சொல்லலாம். வெளித் தொந்தரவு எதுவும் உள்ளே வராது.

67-ஆம் ஆப்ஷனில் ஒரே ஒரு கோப்பின் பெயரை எழுதிவைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பயாஸ் (லெகசி) முறைக்கு ஒரு கோப்பு, 64-பிட் யூஇஎஃப்ஐக்கு வேறு கோப்பு. மடிக்கணினி ஐபி கேட்கும்போதே 93-ஆம் ஆப்ஷனில் தான் யார் என்று சொல்கிறது: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64-பிட் யூஇஎஃப்ஐ. சர்வர் அதைப் பார்த்துக் கோப்பைக் கொடுக்க வேண்டும். பழைய பயாஸுக்கான கோப்பை யூஇஎஃப்ஐக்குக் கொடுத்தால், கோப்பு வெற்றிகரமாக இறங்கியது என்று காட்டிவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் பூட் மெனுவுக்கே திரும்பிவிடும். இறங்கியது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அடுத்து செக்யூர் பூட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஃபாக் தரும் ஐபிஎக்ஸ்இ கோப்பில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்து இல்லை. அதனால் செக்யூர் பூட் இயங்கினால் அது நுழைய முடியாது. இமேஜ் ஏற்றும் வரை அணைத்துவைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சர்வர் வைத்து விண்டோஸின் சொந்த பூட் கோப்பைக் கொடுப்பவர்கள் அணைக்கத் தேவையில்லை, அது கையெழுத்தோடு வருகிறது. செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன்னால், இமேஜ் எடுக்கும் மூல மடிக்கணினியில் வட்டை மறையிடும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்து, முழுவதும் மறைநீக்கம் ஆகும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை இயக்கும்போது மீட்புச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துவிடும். மறையிட்ட பார்ட்டிஷனை ஃபாக்கால் சுருக்கி எடுக்கவும் முடியாது.

இரண்டாம் கை: ஐபிஎக்ஸ்இ உறைந்து நிற்கிறது

பூட் கோப்பு இறங்கியது. திரையில் ‘இனிஷியலைசிங் டிவைசஸ்’ என்று வந்து புள்ளிகள் ஓடி, அங்கேயே நிற்கிறது. அல்லது நெட்வொர்க்கைத் தேடிவிட்டு, எந்த முறையும் வெற்றி பெறவில்லை என்கிறது. லெனோவோக்களில் எனக்கு வந்தது இதுதான். ஒரு முழு மதியத்தைக் கேபிள் மாற்றிக் கழித்தேன். கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபாக்கின் பூட் கோப்புகளில் இரண்டு இங்கே முக்கியம். ஐபிஎக்ஸ்இ டாட் இஎஃப்ஐ என்பது தன்னோடு பல சிப்புகளுக்கான சொந்த டிரைவர்களைச் சுமந்துவருகிறது. பயாஸின் டிரைவரை ஓரங்கட்டிவிட்டுத் தானே அடாப்டரைப் பிடிக்கப் பார்க்கும். யூஎஸ்பி அடாப்டர் என்றால் யூஎஸ்பி கட்டுப்பாட்டையே சேர்த்துப் பிடிக்க வேண்டும். அங்கேதான் பல மடிக்கணினிகள் உறைகின்றன. எஸ்என்பிஒன்லி டாட் இஎஃப்ஐ அப்படிச் செய்வதில்லை. பயாஸ் எந்த அடாப்டரில் தன்னை இறக்கியதோ, அதையே பயாஸின் டிரைவர் வழியாகத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளும்.

முதல் கை நன்றாக வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதே. அதனால் யூஎஸ்பி அடாப்டருக்கு எஸ்என்பிஒன்லிதான் என் முதல் தேர்வு. டிஎச்சிபி அமைப்பில் யூஇஎஃப்ஐக்கான கோப்பின் பெயரை இதற்கு மாற்றி, சேவையை மறுபடி தொடங்கியவுடன் ஆறு லெனோவோவும் மெனுவுக்கு வந்தன. அன்று மாலை தம்பி எல்லோருக்கும் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்தான்.

மறுபக்கமும் உண்டு. பயாஸுக்கே அடாப்டரைத் தெரியாது, முதல் கையைத் தாண்டவே முடியவில்லை என்றால், ஐபிஎக்ஸ்இ-யை பெண்டிரைவில் வைத்துத் தொடங்கலாம். ஃபேட்32 முறையில் வடிவமைத்து, இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 டாட் இஎஃப்ஐ என்று பெயர் மாற்றிய கோப்பு. அங்கே எஸ்என்பிஒன்லியை வைத்தால் வேலை நடக்காது. பெண்டிரைவிலிருந்து தொடங்கியதால் அதற்குத் தொற்றிக்கொள்ள நெட்வொர்க் அடாப்டர் எதுவும் கிடைக்காது. சொந்த டிரைவர் உள்ள ஐபிஎக்ஸ்இ டாட் இஎஃப்ஐதான் வைக்க வேண்டும், அடாப்டரின் சிப்பும் அதற்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆசிக்ஸ் 88179-க்கு அதில் சொந்த டிரைவர் உண்டு. ஏசர்கள் நான்கையும் இந்த வழியில்தான் கரையேற்றினேன்.

ஐபிஎக்ஸ்இ வந்த பிறகு ‘டிஎஃப்டிபி சர்வரை உள்ளிடுக’ என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றால், ஐபி கிடைத்தது, சர்வர் முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாவது டிஎச்சிபி ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. தேடிப் பிடியுங்கள். ஒருமுறை அது, மேசைக்கு அடியில் யாரோ செருகிவைத்த பழைய வைஃபை ரௌட்டர்.

கையில் சோதிக்க விரும்பினால், ஐபிஎக்ஸ்இ தொடங்கும் அந்தச் சில நொடியில் கன்ட்ரோல்-பி அழுத்தினால் கட்டளை வரி கிடைக்கும். ஐஎஃப்ஸ்டாட் என்று அடித்தால் அடாப்டர் தெரிகிறதா, இணைப்பு உயிரோடு இருக்கிறதா, பாக்கெட்டுகள் போய் வருகின்றனவா என்று காட்டும்.

மூன்றாம் கை: மெனு வந்தது, இமேஜ் இறங்கவில்லை

எச்பியில் வந்தது இது. ஃபாக் மெனுவில் இமேஜைத் தேர்ந்தெடுத்தேன். லினக்ஸின் மையமான கெர்னல் இறங்கியது, எழுத்துகள் ஓடின. கடைசியில் டிஎச்சிபி வழியாக ஐபி பெற முடியவில்லை என்று நின்றது. எந்த இடைமுகத்தில் முயன்றேன் என்ற பட்டியலையும் அதே திரையில் காட்டும். அந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள்.

பட்டியல் காலியாக இருந்தால் கெர்னலுக்கு அடாப்டரைத் தெரியவில்லை. ஃபாக்கின் இணையப் பக்கத்தில் அமைப்புப் பகுதிக்குப் போய், கெர்னல் புதுப்பிப்பு என்ற இடத்தில் புதிய 64-பிட் கெர்னலை இறக்குங்கள். 2.5 ஜிகாபிட் அடாப்டர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். ரியல்டெக் 8156-க்கான ஆதரவு லினக்ஸின் 5.13-இல்தான் மூலக் கெர்னலுக்குள் வந்தது.

பட்டியலில் பெயர் இருந்தும் ஐபி வரவில்லை என்றால், கெர்னல் அடாப்டரைப் பிடித்துவிட்டது, சுவிட்ச்தான் தாமதிக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அடாப்டரின் இணைப்பு ஒரு நொடி அறுந்து மறுபடி வருகிறது. சுவிட்சில் உள்ள விளக்கு அணைந்து எரிவதை நீங்களே பார்க்கலாம். அலுவலகத்திலிருந்து வந்த மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுகளில், நெட்வொர்க் வளையமாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடும். இணைப்பு வந்தவுடன் 15 நொடி கேட்கும் நிலை, 15 நொடி கற்கும் நிலை, ஆக 30 நொடிக்கு எதையும் உள்ளே விடாது. அதற்குள் கெர்னல் ஐபி கேட்டுக் களைத்துவிடும். அந்தப் போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்டை இயக்குவது முறையான வழி. கடவுச்சொல் யாருக்கும் தெரியாத சுவிட்ச் என்றால், சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை நடுவில் வையுங்கள். மடிக்கணினியின் இணைப்பு அறுந்தாலும் பெரிய சுவிட்சுக்கும் சின்ன சுவிட்சுக்கும் இடையே இணைப்பு அறாது, அதனால் காத்திருப்பும் இல்லை. என் எச்பி சிக்கல் இப்படித்தான் தீர்ந்தது. பச்சை ஈதர்நெட் என்று அழைக்கப்படும் மின் சேமிப்பு வசதியையும் சுவிட்சில் அணைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் பிஇ வைத்திருப்பவர்கள் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் அடியுங்கள். முகவரி ஒன்றுமே காட்டாமல் வெறுமையாக இருந்தால், பூட் இமேஜுக்குள் அடாப்டரின் டிரைவர் இல்லை. அடாப்டர் தயாரிப்பாளரின் டிரைவரை ஒரு பெண்டிரைவில் வைத்து, டிஆர்விலோட் கட்டளையால் உடனே ஏற்றிப் பார்க்கலாம். வேலை செய்தால், டிஸ்ம் கட்டளையால் அதே டிரைவரை பூட் இமேஜுக்குள் நிரந்தரமாகச் சேருங்கள். நிறுவும் கோப்பாக வரும் எக்ஸ்இ வேண்டாம். உள்ளே ஐஎன்எஃப் கோப்பு உள்ள டிரைவர்தான் வேண்டும்.

ஒரே அடாப்டர், பல மடிக்கணினி

இது பூட் பிழையாகவே தெரியாது, அதனால்தான் ஆபத்து. ஃபாக் ஒரு கணினியை அதன் மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது. மேக் முகவரி என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள தனி எண், இங்கே அது அடாப்டரில் இருக்கிறது. முதல் மடிக்கணினியை ‘தோட்டம்-01’ என்று பதிவு செய்தேன். அடாப்டரைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினால், சர்வர் அதையும் ‘தோட்டம்-01’ என்றே வரவேற்றது. கவனிக்காமல் விட்டிருந்தால் மூன்று அடாப்டருக்கு மூன்று பெயர்தான் 22 மடிக்கணினிக்கும் இருந்திருக்கும்.

எளிய தீர்வு, பதிவு செய்யாமலேயே இமேஜ் ஏற்றுவது. ஃபாக் மெனுவில் ‘டிப்ளாய் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போதும். கணினிப் பெயரை விண்டோஸில் பிறகு வைத்துக்கொள்ளலாம். முன்பே பதிவு செய்த அடாப்டரின் மேக்கை சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள்.

டெல், லெனோவோ, எச்பி மூன்றிலும் வணிக மாடல்களில் மேக் பாஸ்த்ரூ என்ற வசதி உண்டு. மடிக்கணினி தன் சொந்த மேக்கை அடாப்டருக்கு இரவல் கொடுக்கும். பெரும்பாலும் அதே நிறுவனத்தின் அடாப்டரோ டாக்கோ இருந்தால்தான் வேலை செய்யும். பயன்படுத்தினால் மூன்று கையிலும் ஒரே மேக் காட்டுகிறதா என்று ஒரு மடிக்கணினியில் சரிபாருங்கள். பயாஸ் ஒன்றைக் காட்டி, லினக்ஸ் அடாப்டரின் சொந்த மேக்கைக் காட்டினால், சர்வர் ‘உனக்கு வேலை எதுவும் வைக்கவில்லையே’ என்று திருப்பி அனுப்பிவிடும்.

மெதுவாக இறங்கினால்

இமேஜ் 15 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட்டில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி, அதாவது குறைந்தது 20 நிமிடம். ஜிகாபிட்டில் கணக்குப்படி 2 நிமிடம், நடைமுறையில் வட்டின் வேகத்தைப் பொறுத்துக் கூடும். யூஎஸ்பி 2 போர்ட்டில் ஜிகாபிட் அடாப்டரைச் செருகினால் 480 மெகாபிட்டுக்கு மேல் போக வழியே இல்லை. நீல நாக்கு உள்ள போர்ட்டைத் தேடுங்கள்.

அடாப்டர் ஜிகாபிட், போர்ட்டும் சரி, ஆனாலும் 100-இல் நிற்கிறது என்றால் கேபிள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால், பெரும்பாலும் இணைப்பு வரும், வேகம் மட்டும் விழும். மண்டபத்தில் எலி கடித்த கேபிள் ஒன்று இப்படித்தான் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வெளித்தோலில் ஊசி குத்தியது போல ஒரு சின்னத் தழும்பு. உரித்துப் பார்த்தபோது பழுப்பு நிறக் கம்பி உள்ளே துண்டாகிக் கிடந்தது. சுவிட்சின் விளக்கு நிறத்தைப் பார்த்திருந்தால் உரிக்காமலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இடி. நம் பக்கத்தில் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் நேரம் கொடுக்காது. பாதி இறங்கிய இமேஜை மறுபடி இறக்கலாம், எரிந்த சர்வரை மறுபடி வாங்க முடியாது. தூரத்தில் முழக்கம் கேட்டவுடன் மின்செருகியையும், வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவோம். இடிக்குப் பிறகு ஒரு போர்ட்டில் விளக்கு எரியாமல் போனால், மென்பொருளில் தேடாதீர்கள். வேறு போர்ட்டில் மாட்டுங்கள்.

வேலை முடியும் நாளில்

நான்காம் நாள் மாலைக்குள் 22-உம் முடிந்தன. ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் தம்பியும் நானும் மறுபடி பயாஸுக்குள் போனோம். செக்யூர் பூட்டை மறுபடி இயக்கி, நெட்வொர்க் பூட்டை வரிசையில் கீழே தள்ளி, விண்டோஸ் தொடங்குகிறதா என்று பார்த்து, வைஃபையில் ஒருமுறை இணைத்து, தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து பார்த்தோம். செக்யூர் பூட்டை இயக்க மறந்த இரண்டை டீச்சரின் பட்டியலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அதனால் இந்தச் சரிபார்ப்பை நினைவில் வைத்துச் செய்யாமல் பெயர் எழுதிக் கோடு போட்டுச் செய்யுங்கள்.

மூன்று அடாப்டரின் முதுகிலும் இப்போது வெள்ளை நாடா ஒட்டியிருக்கிறது. அதில் சிப்பின் எண், எந்த மடிக்கணினியில் எந்தக் கோப்போடு பூட் ஆனது என்று பேனாவில் எழுதியிருக்கிறோம். ‘8153, லெனோவோ, எஸ்என்பிஒன்லி.’ ‘88179, ஏசர், பெண்டிரைவ்.’ மூன்றும் சர்வருக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.